பெயர் சொல்லி அழைக்காத பகுதி

அன்றைக்கு நான் சத்தமாகத்தான் வாசித்தேன். யாழ்ப்பாணத்துக் கோயில்களில் புராணப்படிப்புக் கேட்டு வளர்ந்தவன் நான். வேதமென்றால் குரலை உயர்த்தத்தான் தெரியும்.

நான் குடியேறிய வெளிநாட்டு நகரத்தில், கோல்ஃபீல்ட் என்ற இடத்தில் தனியாக வாழும் யூத மூதாட்டி ஒருவருக்கு நான் பராமரிப்பாளன். வெள்ளிக்கிழமைகளில் நான் இருக்கும் வெரிபீயிலிருந்து ரயில் மாறிப் போய் மருந்து கொடுப்பேன், சூப்பைச் சூடாக்கி வைப்பேன். அவருக்குக் கண் தெரியாது. அதனால் அவர்களுடைய வேதமான தோராவில் அந்தந்த வாரத்துக்கென்று வகுத்திருக்கும் பகுதியை ஆங்கிலத்தில் வாசிப்பதும் என் வேலையாகிவிட்டது. முடிந்ததும், "இதில் இந்த வாரத்துக்கு நமக்கு என்ன இருக்கிறது?" என்று கேட்பார். ஆளுக்கொன்று சொல்வோம். எந்தப் பகுதியை வாசித்தாலும் என் பாடம் எங்கள் பராமரிப்பு நிறுவனத்து மனேஜரைக் குறை சொல்வதில்தான் போய் முடியும். அவர் சிரிப்பார்.

அந்த வாரம் நான் கொதித்துக்கொண்டு இருந்தேன். கிளிநொச்சியில் இருக்கும் அக்காவுக்கு விசா எடுத்திருந்தேன். அவள் வரமாட்டேன் என்றாள். போர் முடிந்தபோது தன் கையாலேயே ஆமிக்காரரிடம் ஒப்படைத்த மகன் திரும்பி வந்தால் வீட்டில் ஆள் இருக்க வேண்டுமாம். முதல் நாள் போனில் எனக்குப் பொறுமை போய்விட்டது. அக்கா என்றுகூடச் சொல்லவில்லை. பெயரைச் சொல்லிக் கத்தினேன்.

"அவன் செத்துப் போனான். விளங்குதோ?"

இத்தனை வருடத்தில் எங்கள் குடும்பத்தில் ஒருவரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் அது. அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு எத்தனை தரம் அடித்தும் எடுக்கவில்லை.

அந்த வாரப் பகுதியோ முழுக்கச் சாபங்கள். நோய், பஞ்சம், முற்றுகை என்று நீண்டுகொண்டே போனது. இருந்த ஆத்திரத்தில் என் குரலும் ஏறியது. மூதாட்டி கதிரையின் கைப்பிடியில் தட்டி, "சத்தத்தைக் குறையுங்கள்" என்றார். நான் கேட்கவில்லை.

அடுத்த வரியில் பிள்ளைகள் வேற்று இனத்தார் கையில் கொடுக்கப்படுகிறார்கள். பெற்றவர்கள் நாள் முழுக்க வழிபார்த்துக் கண் பூத்துப் போகிறார்கள்.

வாசிப்பை அங்கேயே நிறுத்தினேன். கடவுள் கோபத்தில் போட்ட சாபங்களுக்குள் அக்காவின் ஒவ்வொரு நாளும் இருந்தது. அதைத்தான் நான் பிடிவாதம் என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

மூதாட்டி சொன்னார்: "எங்கள் ஜெபக்கூடத்தில் மற்றப் பகுதிகளுக்கெல்லாம் ஒவ்வொருவரைப் பெயர் சொல்லி மேடைக்கு அழைப்பார்கள். இதற்கு மட்டும் ஒருவரையும் அழைப்பதில்லை. வாசிக்கிறவர் தானே போய் நின்று, தாழ்ந்த குரலில், வேகமாக முடித்துவிடுவார். இதை ஒருவருடைய பெயரைச் சொல்லி அவர் தலையில் எப்படிப் போடுவது?"

புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுப் பின்வளவுக்குப் போனேன். எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. அக்காவுக்கு மறுபடி போன் அடித்தேன். இந்த முறை அக்கா எடுத்தாள்.

"அக்கா, நான் அப்பிடிச் சொல்லியிருக்கக்கூடாது. எனக்கென்ன தெரியும், அவன் வருவான்" என்றேன்.

"அவன் இல்லையெண்டு எனக்குத் தெரியாதெண்டே நினைச்சனீ, தம்பி? நீங்கள் ஒருத்தரும் சொல்லாமல் இருந்தீங்கள். அதாலதான் இவ்வளவு காலமும் விடிய எழும்பி அவனுக்கெண்டு ஒரு பிடி அரிசி கூடுதலாப் போட்டனான். இனி நான் என்னெண்டு உலை வைக்கிறது, சொல்லு."