பச்சைப் பெயின்ட் அடித்த இயந்திரம்

அந்த இயந்திரத்தின் பச்சைப் பெயின்ட் அன்று இன்னும் காய்ந்திருக்கவில்லை. மேடம் தொட்டுப் பார்த்தபோது விரலில் ஒட்டிக்கொண்டது. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு சின்ன இரும்புக் கம்பெனி அது. புது இயந்திரம் வாங்கியதாகச் சொல்லி அதன் முதலாளி அரசு மானியம் கேட்டிருந்தார். பில் புதிது, பெயின்ட் புதிது. பல்சக்கரம் மட்டும் தேய்ந்துபோயிருந்தது. மானியம் வழங்கும் திருவள்ளூர் அலுவலகத்தில் மேடம் என் மேலதிகாரி. ஆய்வுக்கு அவரோடு போவது என் வேலை. பழைய இயந்திரம்தான், மானியம் தர முடியாது என்று அன்று மாலையே எழுதிவிட்டார்.

எனக்கு அப்போது மேடம் மீதே சந்தேகம். இவ்வளவு கறாராக இருப்பது எதையோ எதிர்பார்த்துத்தானோ என்று, அவரைத் தேடி யார் வருகிறார்கள் என்பதைக் கொஞ்ச காலம் கவனித்தேன். யாரும் வரவில்லை. அந்த முதலாளிகூட வராததுதான் உறுத்தியது. மானியத்தை இழந்த மனிதர் ஏன் ஒரு தடவைகூடக் கெஞ்சவில்லை?

அடுத்த வருடம் வேறோர் ஆய்வுக்குப் போனபோது, நாங்கள் நின்றிருந்த டீக்கடை வாசலில் அந்த முதலாளியே காரை நிறுத்தி இறங்கி வந்தார். சிரித்த முகம்.

"உங்க மேல எனக்குக் கோவமே இல்ல மேடம். அதே மிஷினைக் காட்டி ஆடிட்டர் வரியில கழிச்சிக்கினாரு. டப்பு கைக்கு வந்தா இன்னா, கைய உட்டுப் போவாம இருந்தா இன்னா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

திரும்பும் வழியில் நானும் அதையேதான் சொன்னேன். மானியமோ வரிச்சலுகையோ, அரசாங்கத்துக்குக் குறைவது ஒரே பணம்தானே என்றேன். மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பணம் ஒண்ணுதான். மானியம்னதும் நாம போய்த் தொட்டுப் பாத்தோம். இதுக்கு யார் போனாங்க?"

வரி அலுவலகத்துக்கு அவர் கடிதம் எழுதினார். பதில் வந்ததாகத் தெரியவில்லை. சில மாதங்களில் அவருக்கு மாற்றல் வந்தது. வழக்கமான மாற்றல்தான் என்றார்கள். நான் நம்பவில்லை. நம்பாமல் இருப்பதற்கும் என்னிடம் ஆதாரம் இல்லை.

இப்போது அவருடைய நாற்காலியில் நான் இருக்கிறேன். மானியம் கேட்டு வருகிறவர்களைச் சந்தேகத்தோடு பார்க்கிறேன். வராதவர்களை அதைவிடச் சந்தேகத்தோடு நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கம்பெனி பக்கத்து மனையையும் வாங்கிப் பெரிதாகிவிட்டது.

போன மாதம் திருவள்ளூர் ஸ்டேஷனில் மேடத்தைப் பார்த்தேன். ஓய்வு பெற்றுவிட்டார், தலை முழுக்க நரைத்திருந்தது. என் பிள்ளைகளைப் பற்றி விசாரித்த கையோடு, அந்த மிஷினை யாராவது போய்ப் பார்த்தார்களா என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. சென்னை வண்டி வந்ததும் ஏறி, கூட்டத்துக்குள் உட்கார இடம் தேடிப் போய்விட்டார்.