படகுத்துறைப் படத்தில் வந்தவன்

நாற்காலியக்கா என்றால்தான் அந்தத் தெருவில் எல்லோருக்கும் தெரியும். ஐந்து கலைக்கூடங்கள் வரிசையாக இருக்கும் தெரு அது. கடைசிக் கூடத்தின் உள்ளறையில், மூலையில் ஒரு மர நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதுதான் அவளுடைய வேலை. காலையில் விளக்குகளைப் போட வேண்டும், மாலையில் அணைக்க வேண்டும், நடுவில் யாரும் எதையும் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒருமுறை கண்காட்சி பார்க்க வந்த ஒருவர் அவளையே வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பக்கத்துச் சுவரில் அவளுக்கான பெயர்ச்சீட்டைத் தேடினார். "நான் விலைக்கு இல்லீங்க" என்று அவள் சொன்னதும் மனிதர் பதறிப்போனார். நாற்காலியக்கா என்ற பெயர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

கலகலப்பான ஆள்தான். ஆனால் வீட்டில் பேச யாரும் இல்லை. அவளுடைய கணவன் குடித்துவிட்டு வந்து கைநீட்டுகிறவன். அடி எல்லாம் அவளுக்கு மட்டும்தான்; மகனை அவன் தோளிலிருந்து இறக்கியதே இல்லை. அதனால் ஒரே வீட்டில் அவளுக்கு ஒரு மனிதன் தெரிந்தான், மகனுக்கு வேறொரு மனிதன் தெரிந்தான். ஒருநாள் பொறுக்க முடியாமல் அவள் கதவைத் தாழிட்டுவிட்டாள். வெளியே நின்று தட்டிப் பார்த்துவிட்டுப் போனவன், எங்கோ ஒரு வாடகை அறையில் தங்கி, அந்தக் குளிர்காலத்திலேயே ஒண்டியாகச் செத்துப்போனான். அடக்கம் முடிந்து வந்ததும் மகன் ஒரு பையில் துணிகளைத் திணித்தான்.

"எங்கடா போற?"

"அப்பா மட்டும் இல்ல. அம்மாவும் இன்னைக்கே செத்தாச்சு எனக்கு."

அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஏழு வருடம் ஒரு சேதியும் இல்லை. "பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லு" என்று பக்கத்து வீட்டுக்காரி ஆறுதலாகச் சொன்னால்கூட இவளுக்குக் கோபம் வரும். "கல்லும் இல்ல, மண்ணும் இல்ல. என் புள்ளைக்கு மனசு நொந்துபோச்சு" என்பாள்.

வெயில் தணிந்து மரங்கள் இலைகளைக் கொட்டும் பருவத்தில் அந்தத் தெரு களைகட்டும். ஐந்து கூடங்களிலும் ஒரே மாலையில் புதுக் கண்காட்சிகள் திறக்கும். இந்த ஆண்டு அவளுடைய கூடத்துக்கு வந்தது ஓவியம் இல்லை, வீடியோ. இருட்டறையில் ஒரு முழுச் சுவரும் திரை. விடிகாலையில் ஒரு படகுத்துறை. படகிலிருந்து இறங்கி மக்கள் நடந்து வந்துகொண்டே இருக்கிறார்கள், மெதுவாக, ஆளுயரத்துக்கு. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து ஓடும்.

திறப்புவிழா மாலை. கோப்பைகளோடு கூட்டம் அறையை அடைத்து நின்றது. "நடக்கறாங்க, நடக்கறாங்க, நடந்துட்டே இருக்காங்க. இதுல என்னப்பா கலை?" என்று ஒருவர் முணுமுணுக்க, அவளுக்கும் சிரிப்பு வந்தது. அப்போது திரையில் தோளில் ஒரு மீன்பெட்டியோடு ஒருவன் வந்தான். முகத்தில் தாடி. முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே நடையைப் பார்த்துவிட்டாள். வலது காலைக் கொஞ்சம் வெளியே எறிந்து வைக்கிற நடை. மகன் எட்டு வயதில் சைக்கிளிலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது வந்தது. அவன் கேமராவை ஒரு நொடி பார்த்தான், சிரித்தான், திரையின் விளிம்பைத் தாண்டிப் போய்விட்டான்.

கூட்டம் நகர்ந்தது. அவள் நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு, அவன் திரும்ப வரும்வரை காத்திருந்தாள். வந்தான். அவனேதான்.

வீடியோ எடுத்தவள் சின்னப் பெண். கூட்டம் குறைந்ததும் அவளிடம் போனாள்.

"ஏம்மா, பெட்டி தூக்கிட்டு ஒரு தாடிக்காரப் பையன் வர்றானே, அவன் யாரு?"

"அவரா? அந்தத் துறையில சுமை தூக்கறவர்க்கா. போன வருஷம் எடுத்தேன். படம் எடுக்கலாமான்னு கேட்டதுக்கு, 'தாராளமா எடு'ன்னு சிரிச்சாரு."

"சிரிச்சானா?"

"ஆமா. ஏன்க்கா, தெரிஞ்சவரா?"

"தெரிஞ்ச முகம் மாதிரி இருந்துச்சு" என்றாள். ஊரையும் துறையையும் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

மறுநாளிலிருந்து மகனைத் தன் கையாலேயே போடுவதும் அணைப்பதும் அவள் வேலையானது. காலையில் பொத்தானை அமுக்கிவிட்டு, ஆள் வருவதற்குள் திரைக்குப் பக்கத்தில் போய் நிற்பாள். அவன் வரும்போது வெளிச்சம் அவள் புடவைமேல் விழும். தொடமாட்டாள். தொட்டால் தெரிவது சுவர்தானே.

கூடத்துக்கு விடுமுறையான திங்கட்கிழமை பஸ் ஏறினாள். துறையில் விசாரித்தபோது, ஐஸ் பாக்டரிக்குப் பின்னால் மாடி வீடு என்று கை காட்டினார்கள். கதவைத் திறந்தது ஓர் இளம்பெண். இடுப்பில் ஒரு பெண் குழந்தை. குழந்தைக்கு அப்படியே அவனுடைய நெற்றி.

"யாருங்க வேணும்?"

வழியெல்லாம் மனப்பாடம் செய்துவந்த வார்த்தை ஒன்றுகூட வாயில் வரவில்லை. "உங்க வீட்டுக்காரர் ஒரு வீடியோல வர்றாரும்மா. எங்க கேலரில ஓடுது. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன்" என்றாள்.

அந்தப் பெண்ணுக்கு ஒரே சந்தோஷம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தாள். "வேலைக்குப் போயிருக்காரு, சாயங்காலம்தான் வருவாரு. சினிமால வர்ற மாதிரி வர்றாராங்க? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே மனுஷன்!"

"அவரோட அப்பா அம்மாகிட்டயும் சொல்லணும்ல... அவங்க எங்க இருக்காங்க?"

"யாரும் இல்லீங்க. ரெண்டு பேரும் ஒரே நாள்ல போயிட்டாங்களாம். அதுக்கு மேல கேட்டா சாப்பாட்டை வெச்சுட்டு எழுந்துருவாரு. நானும் கேக்கறது இல்ல."

அவளுக்குப் புரையேறியது. அந்தப் பெண் தலையைத் தட்டிவிட்டு, "மெதுவா குடிங்கம்மா" என்றாள். மருமகளின் கை முதல்முதலாகப் பட்டது அப்படித்தான்.

நானே அந்த அம்மா என்று சொல்லிவிட ஒரு நொடிதான் ஆகும். குழந்தை அவளுடைய வளையலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. சொன்னால் இந்த வீட்டில் சாயங்காலம் என்ன நடக்கும் என்று நினைத்துப் பார்த்தாள். ஒரு கதவை அடைத்து ஒருவனை இழந்தாயிற்று. இன்னொரு வீட்டை உடைக்க மனம் வரவில்லை. கண்காட்சியின் அழைப்பிதழை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தாள். அவன் வரும்வரை இருங்களேன் என்று அந்தப் பெண் கெஞ்சியும் இருக்கவில்லை.

அழைப்பிதழைப் பார்த்தாலே அவனுக்குப் புரிந்துவிடும். பள்ளி விட்டதும் அந்தக் கூடத்துக்கு வந்து, வரவேற்பு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை அவன்.

அதன்பிறகு வாசல் கதவு திறக்கும்போதெல்லாம் அவள் எழுந்து நின்றாள். "என்னக்கா, நாற்காலில முள்ளா?" என்று முதலாளி கேலி செய்தார். புது ஜாக்கெட் தைத்துப் போட்டுக்கொண்டாள். வாரங்கள் போயின. திரைக்குள் வந்தவன் வாசல் வழியாக வரவில்லை.

கண்காட்சியின் கடைசி நாளன்று மருமகள் வந்தாள். குழந்தையோடு, தனியாக.

"அவர் வரலையாம்மா?"

"இல்லீங்க. அன்னைக்குக் கார்டைக் காட்டினதும் கையில வெச்சுட்டு அப்படியே உக்காந்துட்டாரு. கொண்டு வந்தவங்க எப்படி இருந்தாங்கன்னு கேட்டாரு. கொஞ்சம் மெலிஞ்சு இருந்தாங்க, வயசானவங்கன்னு சொன்னேன். நேத்துதான், 'நீ போயிட்டு வா, பாப்பாவையும் தூக்கிட்டுப் போ'ன்னாரு. நீங்களும் வாங்கன்னேன். 'என்னால முடியாது'ன்னுட்டாரு. வீடியோ பாக்க வர்றதுல என்னங்க முடியாம போகுது?"

அவள் மருமகளை இருட்டறைக்குள் அழைத்துப்போனாள். "குழந்தையை என்கிட்ட குடு, நீ நிம்மதியா பாரு" என்று கை நீட்டினாள்.

மருமகள் திரைக்கு முன்னால் நின்று, புருஷன் வந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தை "அப்பா" என்று விரலை நீட்டியது. "ஆமாண்டா தங்கம், அப்பா" என்றாள் அவள். குழந்தையின் தலையில் எண்ணெய் வாசம். இந்தக் கனத்தைத்தான் அவன் அனுப்பியிருக்கிறான், தன்னை அனுப்ப முடியாமல். அது மன்னிப்பா, தண்டனையா என்று அவளுக்கு விளங்கவில்லை. அணைத்துக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம்வரை அவளே தூக்கிக்கொண்டு போனாள். பஸ் வந்ததும் குழந்தையைத் திருப்பிக் கொடுக்க வேண்டியிருந்தது. மருமகள் படியில் நின்றபடி குழந்தையின் கையைப் பிடித்து ஆட்டினாள்.

"பாட்டிக்கு டாட்டா சொல்லு."

வயதான எந்தப் பெண்ணையும் அப்படித்தான் சொல்வார்கள். பஸ் திரும்பும்வரை அவள் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தபோது முதலாளி வீடியோவை நிறுத்தி, கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தார். "கடைசி நாள்தானேக்கா, நானே அணைச்சுட்டேன்" என்றார். அவள் வெறும் சுவரைப் பார்த்தாள். நாற்காலியில் உட்கார்ந்தாள். அத்தனை வருடமாக யாரும் அங்கே கேட்டிராத ஒரு குரலில் அழ ஆரம்பித்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் முதலாளி கம்பிச்சுருளைக் கையில் பிடித்தபடி நின்றார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, தரையில் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"படத்துல யாருக்கா?" என்று மட்டும் கேட்டார்.

"என் புள்ள" என்றாள் அவள்.