வெளியே இருந்த அடுப்பு

சித்தூர்க் கள்ளுக்கடையில் கறி சுட்டவர் கரண்டியைத் தொடமாட்டார். கனலில் கிடக்கும் துண்டுகளை வெறும் விரலால்தான் புரட்டுவார். எழுபதுகளில் அங்கே நிலமுள்ள பண்ணாடிகளுக்கு மட்டும்தான் உள்ளே பெஞ்சு. அவர்களுக்குக் கதிர் அறுத்தவர்கள் வெளியே மண்ணில் உட்காரவேண்டும். இன்று நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒருநாள் ஒரு பண்ணாடி உள்ளிருந்து கத்தினார். "வெளிய இருக்கறவனுகளுக்கு எதுக்குடா நல்ல கறி? எலும்பைப் போடு, போதும்."

கறி சுட்டவர் நிமிரவே இல்லை. ஈரல் துண்டொன்றை எடுத்து, வெளியே மண்ணில் இருந்த ஒருவரின் இலையில் வைத்தார்.

"அடுப்பு வெளியதானுங்க இருக்குது, பண்ணாடி. சுடச்சுடத் திங்கறது அவங்கதானுங்க. உங்களுக்கு வந்து சேர்றது ஆறுனதுதானுங்க."

பண்ணாடியை அறைய எனக்குக் கை பரபரத்தது. ஆனால் நானும் உள்ளே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன். என் இலையில் இருந்த கறியும் ஆறித்தான் போயிருந்தது.