அத்தை தின்ற பச்சரிசி

அந்த ஆனி மாதம் முழுக்க அப்பா அண்ணாந்து பார்த்தபடியே நடமாடினார். அவருடைய தங்கைக்கு, அதாவது என் அத்தைக்குக் கல்யாணம். சத்திரம் பிடிக்க வசதியில்லை. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மைதானத்திலேயே நடத்திவிடலாம் என்று முடிவு செய்திருந்தார். சமையலுக்குச் சித்தப்பா, மேளத்துக்குச் சித்தப்பாவின் சிநேகிதர்கள், நிழலுக்கு இரவல் ஷாமியானா. அதிலிருந்த ஓட்டைகளைத் தைக்க உட்கார்ந்த அம்மா பாதியிலேயே ஊசியை வைத்துவிட்டாள்.

மாப்பிள்ளை வீட்டார் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்கள். மழை வந்தால் சேற்றில் உட்கார்ந்து தாலி கட்ட முடியாது, ஆவணிக்குத் தள்ளி வைத்துவிட வேண்டும். இன்னொரு தடவை இத்தனை பேர் கையைக் காலைப் பிடிக்க அப்பாவுக்குத் தெம்பில்லை. பெங்களூர் வானத்தை நம்பி வடகம்கூடக் காயப்போட முடியாது. தினமும் பால்காரரிடம் கன்னடத்தில் மழையைப் பற்றி விசாரிப்பார்.

அத்தை டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தாள். ஆடியில் பரீட்சை. கல்யாணத்துக்குப் பிறகு அதெல்லாம் வேண்டாம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அத்தை மட்டும் உட்காரும்போதெல்லாம் மடியின்மேல் விரல்களால் தட்டிக்கொண்டே இருப்பாள். எனக்கு எரிச்சலாக வரும்.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்னால் அவளை அரிசி டின் பக்கத்தில் பார்த்தேன். பச்சரிசியை அள்ளி அள்ளி வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். எனக்குப் பகீரென்றது. பச்சரிசி தின்கிற பெண்ணின் கல்யாணத்தில் மழை கொட்டும் என்று சொல்லித்தானே அம்மா என்னை அந்த டின்னையே தொட விடுவதில்லை!

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். "கல்யாணத்த வெச்சிக்கினு இன்னா வேல இது?" என்று அம்மா சிரித்தாள். ஆனாலும் டின்னைத் தூக்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். அதன் பிறகும் நான் சும்மா இருக்கவில்லை. அத்தை போகுமிடமெல்லாம் வாலாக ஒட்டிக்கொண்டு திரிந்தேன்.

கல்யாணத்தன்று விடிந்தபோது வானம் கருத்திருந்தது. அப்பா வீட்டுக்கும் மைதானத்துக்கும் நடையாய் நடந்தார். "இன்னும் ரெண்டு மணி நேரம் தாங்குனா போதும்" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அலங்காரம் முடிந்த அத்தை ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி மேகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பாவம், பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

"பயப்படாத அத்த, மழ வராது. நான்தான் அம்மாகிட்ட சொல்லி அரிசிய பூட்ட வெச்சேன்."

அத்தை திரும்பினாள். "நீயா சொன்ன?" என்றாள். திட்டப்போகிறாள் என்று பார்த்தேன். திட்டவில்லை.

"வரவே வராதா?"

"வரவே வராது" என்று அவள் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

முகூர்த்த நேரத்தில் வெயில் சுள்ளென்று அடித்தது. தாலி ஏறும்போது அத்தை அழுதாள். பெண் அழாமல் இருந்தால்தான் அதிசயம் என்றார்கள். அப்பா இலை போட்டவரைக்கூடக் கட்டிப்பிடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. இந்தக் கல்யாணத்தை நடத்தி வைத்ததே நான்தான் என்று பந்தி பந்தியாகப் போய்ச் சொன்னேன். சாயங்காலம் வண்டி ஏறிய அத்தையிடமும் சொன்னேன்.

"ஆமா கண்ணு, நீதான்" என்றாள்.

அவள் என்னைப் பாராட்டியதாகவே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.