மாசியில் வைத்த பால்கறி

நான் கேட்டு வாங்கியது பூசணி விதை. அது முளைத்துப் படர்ந்து காய்த்தபோது, சாம்பல் பூசியது போன்ற வெள்ளைக் காய் வந்தது. யாழ்ப்பாணத்தில் அதை நீத்துப்பூசணி என்போம். உள்ளே மஞ்சளாக, இனிப்பாக இருப்பதைத்தான் வெறுமனே பூசணி என்று சொல்வோம். காயைத் தூக்கிக்கொண்டு, விதை தந்த வீட்டுக்கார அம்மா ராஜம்மாவிடம் போய், “அக்கா, இது பூசணி இல்லையே” என்றேன். அவர் காயைத் தட்டிப் பார்த்தார். “பூசணியேதானுங்க அம்மணி. வேறென்னங்க இது?” நிறம் சொல்லி, ருசி சொல்லி, கையால் வட்டம் போட்டுக் காட்டிய பிறகு அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அட, அரசாணிக்காயிங்களா! அதை மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?” ஒரே மொழிதானே, தமிழ்நாட்டில் என்ன கஷ்டம் இருக்கப்போகிறது என்று எங்களைக் கடல் கடத்திய படகிலேயே யாரோ சொன்னார்கள். அந்த ஆளை நான் பல நாள் நினைத்துக்கொண்டதுண்டு. ஆமாம் என்பதற்கு நான் ‘ஓம்’ என்று தலையாட்டினால், இந்தப் பெண் எதற்கு அடிக்கடி சாமி கும்பிடுகிறாள் என்று ராஜம்மாவே ஆரம்பத்தில் குழம்பியிருக்கிறார்.

கோயமுத்தூரிலிருந்து பொள்ளாச்சி போகும் சாலையில், கிணத்துக்கடவுக்குக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு தென்னந்தோப்பில் இருந்த இரண்டு அறை வீடு எங்களுக்குக் கிடைத்தது. தொண்ணூறாம் ஆண்டு கைக்குழந்தையோடு வந்து இறங்கினோம். என் கணவருக்கு ஒரு தேங்காயெண்ணெய் மில்லில் வேலை அமைந்தது. வீட்டுக்குப் பின்னால், கிணற்று மோட்டார்த் தண்ணீர் வழியும் வாய்க்காலோரம் சும்மா கிடந்த துண்டு நிலத்தைக் கொத்தி நான் காய்கறி போட ஆரம்பித்தேன். மண்ணும் காற்றும் பிடிபட எனக்கு இரண்டு வருடம் எடுத்தது. எங்கள் ஊரில் ஆடி மாதத்துச் சோளகக் காற்று மண்ணை உலர்த்திப் புழுதி கிளப்பும். இங்கே அதே ஆடியில் பாலக்காட்டுப் பக்கமிருந்து ஈரத்தோடு காற்று வந்து தென்னைகளை ஆட்டும். அந்தச் சாரலை நம்பி விதை போடலாம். கார்த்திகையில் அவரைப் பந்தல் நிறையும், தையில் கத்தரி, மாசியில் முருங்கை பூக்கும். அந்தந்த மாதத்தில் காய்ப்பதைத்தான் சமைப்போம். மீன் என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் எப்போதாவது.

இந்தப் பழக்கம் என் ஐயாவிடமிருந்து வந்தது. அப்பாவை நாங்கள் ஐயா என்றுதான் கூப்பிடுவோம். அவர் சைவம். காசு கொடுத்து மரக்கறி வாங்குவதை அவர் ஒரு அவமானமாகவே நினைத்தார். காலையில் தோட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றி, பறித்ததைக் கொண்டுவந்து குசினி வாசலில் குவித்துவிட்டு, இன்றைக்கு எது தேங்காய்ப்பால் விட்ட பால்கறி, எது தேங்காய்ப்பூப் போட்டு வதக்கிய வறை என்று அவரே தீர்ப்புச் சொல்லுவார். அம்மா இருந்த காலத்தில் இதில் தினமும் சண்டை நடக்கும். அம்மா போன பிறகு அவர் தனியாகவே சமைத்துச் சாப்பிட்டார். எங்களோடு வரச் சொல்லி எவ்வளவு கெஞ்சியும் வரவில்லை. “நான் வந்தால் இதுக்கு ஆர் தண்ணி விடுறது?” என்று தோட்டத்தைக் காட்டினார். அதற்குமேல் அவரோடு பேச முடியாது.

பிறகு தொண்ணூற்றைந்தில், போருக்குப் பயந்து யாழ்ப்பாணமே வீட்டைப் பூட்டிக்கொண்டு மழையில் நடந்த அந்த மாரிகாலம் வந்தது. ரேடியோவில் கேட்டோம். ஐயா எங்கே இருக்கிறார் என்று மட்டும் யாருக்கும் தெரியவில்லை. தைப்பொங்கலன்று ராஜம்மா வீட்டு வாசலில் அவர்களோடு சேர்ந்து பொங்கினேன். பால் பொங்கி வழிந்தபோது, ஐயாவும் எங்கேயாவது மூன்று கல்லை வைத்துப் பொங்கியிருப்பார் என்று என் கணவரிடம் சொன்னது நினைவிருக்கிறது. அவரும் ஓம் என்றார்.

மாசி பிறந்து கொஞ்ச நாளில், பின்னேரம் நான் கத்தரிக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தபோது ராஜம்மா தோப்புக்குள்ளிருந்து சத்தம் போட்டார். “அம்மணி, போனு வந்திருக்குதுங்க! வெளிநாட்டுப் போனு!” எங்களுக்குத் தொலைபேசி கிடையாது. பாரிசில் இருக்கும் என் தம்பி பேசுவதானால் ராஜம்மா வீட்டுக்குத்தான் பேசுவான். மண் கையோடு ஓடினேன். “அக்கா, ஐயா மோசம் போயிட்டார்” என்றான் தம்பி. கார்த்திகையிலேயே முடிந்துவிட்டதாம். கூட நடந்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் கொழும்புக்கு வந்து சேர்ந்து, இப்போதுதான் அவனுக்குச் சொல்லியிருக்கிறார்.

ஐயா கடைசிவரை புறப்பட மறுத்தாராம். கத்தரி அப்போதுதான் காய்க்கத் தொடங்கியிருந்தது. இதை ஆர் பறிக்கிறது என்று கேட்டாராம். இழுத்துக்கொண்டு புறப்பட்டபோது, உடுப்பு எடுக்காமல் ஓர் உரப்பை நிறையக் கத்தரிக்காய் பறித்துக்கொண்டு நடந்தாராம். வன்னியில் சனங்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த ஒரு பள்ளிக்கூடத்தில் அதைப் பெண்களிடம் கொடுத்து, பால்கறி வையுங்கோ என்றாராம். தேங்காய்க்கு எங்கே போவது? உப்புப் போட்டு அவித்துக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவருக்குக் காய்ச்சல் வந்தது. அந்தக் காய்ச்சல் விடவேயில்லை.

போனை வைத்துவிட்டு, பக்கத்தில் நின்ற ராஜம்மாவிடம், “ஐயா மோசம் போயிட்டார் அக்கா” என்றேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். “மோசமா இருக்குதுங்களா? பயந்துக்காதீங்க கண்ணு. ஆஸ்பத்திரியில வெச்சுப் பாத்தாச் செரியாப் போயிருமுங்க.” அவர் முகத்தில் இருந்த நம்பிக்கையைப் பார்த்தபோது, அப்படியே விட்டுவிடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. இந்த ஊரிலாவது ஐயா இன்னும் கொஞ்ச நேரம் உயிரோடு இருக்கட்டும். ஆனால் சொல்ல வேண்டியிருந்தது. “இல்லையக்கா. செத்துப்போயிட்டார்.” எங்கள் ஊரில் பெற்றவரைப் பற்றி அப்படி வெட்டென்று யாரும் சொல்லமாட்டார்கள். என் ஐயாவின் சாவை, இன்னொருவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக, எனக்குப் பழக்கமில்லாத சொல்லில் சொல்லிவிட்டுத்தான் நான் அழ ஆரம்பித்தேன்.

அன்று எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. ராஜம்மா ஒரு தூக்குப்போசியில் அரிசியும் பருப்பும் சாதம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார். செய்தி கேட்ட நாளிலிருந்து எண்ணி எட்டாம் நாள் எட்டுச்செலவு செய்வோம் என்று கணவர் சொன்னார். இறந்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து, படைத்து, பொழுது சாயும்போது ஒழுங்கை தெருவில் ஏறும் சந்தியில் கொண்டுபோய் வைத்து, சாப்பிட வரச் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வழக்கம். மறுநாள் ராஜம்மாவிடம், “அக்கா, ஐயாவுக்கு எட்டுச்செலவு செய்யவேணும்” என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார். கொஞ்ச நேரத்தில் ஒரு முறத்தோடு வந்தார். மல்லி, மிளகு, சீரகம், பட்டை, கிராம்பு, சோம்பு, கசகசா, வரமிளகாய் என்று தனித்தனியாகக் குவித்திருந்தார். “எட்டுச் செலவும் இருக்குதுங்க அம்மணி, எண்ணிப் பாத்துக்குங்க. அரைச்சுக் குடுக்கட்டுங்களா?” கொங்கு நாட்டில் குழம்புக்கு அரைக்கும் சாமான்களைத்தான் செலவு என்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதேன். அவர் முறத்தைப் பிடித்தபடி, என்ன பிழை செய்துவிட்டோம் என்று தெரியாமல் நின்றார். பிறகு விவரமாகச் சொன்னேன். சந்தியில் வைப்பதைச் சொன்னபோது மட்டும் அவர் முகம் மாறியது.

காரணம் அன்று சாயங்காலமே தெரிந்தது. ராஜம்மாவின் கணவர் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரவில்லை. துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். “அப்பா போனது ரொம்ப வருத்தமுங்க அம்மணி. நான் சொல்றதைத் தப்பா நெனச்சுக்காதீங்க. மாசிக் கடைசியில புள்ளைக்குக் கலியாணம் வெச்சிருக்கறமுங்க. வர்ற புதங்கெழமை முகூர்த்தக்கால் நடறமுங்க. இந்நேரத்துல தோட்டத்துக்குள்ள கருமாதிப் படையல் வேண்டாமுங்க. நீங்க ஆக்கறதை ஆக்குங்க, தோட்டத்துக்கு வெளியில கொண்டுபோய் வெச்சுக்குங்க.” ஒவ்வொரு சொல்லுக்குப் பின்னாலும் ஒரு ‘ங்க’. இவ்வளவு மரியாதையாக ஒருவர் மறுக்கும்போது எதைப் பிடித்துக் கோபப்படுவது? அவர் மகளுக்கு நல்லது நடக்கவேண்டும் என்று நினைப்பதில் என்ன பிழை? உள்ளே இருந்து என் கணவர் தாழ்ந்த குரலில், “இருக்கிறது அவையின்ர இடத்தில. ஒண்டும் கதையாதையும்” என்றார். நான் வாசலைப் பார்த்து, “சரிங்க” என்றேன். இத்தனை வருடத்தில் அந்த ‘ங்க’ என் வாயில் தானாக வந்தது அன்றுதான்.

எட்டாம் நாள் விடிந்ததும் தோட்டத்துக்குள் இறங்கினேன். கத்தரி, பிந்திக் காய்த்த கொஞ்சம் அவரை, முருங்கையிலை, ஒரு சீப்பு வாழைக்காய். அடுப்பு மூட்டும்போது ராஜம்மா மடியில் தேங்காயோடு வந்து நின்றார். “அவர் ஏசமாட்டாரா அக்கா?” என்று கேட்டேன். “அவரு சொன்னது படையலுக்குத்தானுங்க. தேங்கா துருவறதுக்கு என்னங்க?” என்று சொல்லி, துருவலகைக் கால்களுக்கிடையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

கத்தரிக்காயை நீளமாக வெட்டிப் பொரித்தெடுத்தேன். வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் வெந்தயம், பிறகு முதல் பால். கெட்டியான, வெள்ளை வெளேரென்ற பால். ராஜம்மா எட்டிப் பார்த்தார். “செலவே போடாமக் கொழம்புங்களா?” “ஐயாவுக்கு இப்படித்தான் பிடிக்கும் அக்கா.” அவர் இரண்டாவது தேங்காயை உடைத்தார். மூன்றாவதையும் உடைத்தார். போதும் என்றேன். “இருக்கட்டுமுங்க. இங்க தேங்காய்க்கென்னங்க பஞ்சம்?” என்று அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். உப்பில் அவித்த கத்தரிக்காயை அந்தப் பள்ளிக்கூடத்தில் ஐயா எப்படி விழுங்கினார் என்று நினைத்தேன். ஒரு சொட்டுப் பால் கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்றில்லை. தன் கத்தரிக்காயைக் கடைசியாக ஒருமுறை அவர் விரும்பிய ருசியில் சாப்பிட்டிருப்பார். அவ்வளவுதான். அதை யாராலும் இனிக் கொடுக்க முடியாது.

ராஜம்மா துருவலை நிறுத்தவில்லை. என்னைப் பார்க்காமலே பேசினார். “எங்க ஊட்டுல தெலுங்குதானுங்க பேசறோம். எழுதப் படிக்கத் தெரியாதுங்க. எங்க முன்னோருங்க எந்த ஊர்ல இருந்து வந்தாங்கன்னு எங்கப்பனுக்கே தெரியாது. பருப்பைப் பப்புன்னு சொல்ற பேச்சு மட்டுந்தான் மிச்சம், அதோட செரி. மறந்துருமுங்க கண்ணு. தலைமொறை போகப் போக எல்லாமே மறந்துருமுங்க.” ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

பொழுது சாயும் நேரத்தில் எல்லாவற்றையும் வாழையிலையில் எடுத்துக்கொண்டு நானும் கணவரும் மகளும் தோப்பைத் தாண்டிப் போனோம். வேலி முடியும் இடத்தில் மண் பாதை தார்ச் சாலையில் ஏறுகிறது. அந்த முக்கில் தண்ணீர் தெளித்து இலையை விரித்தோம். கணவர் கற்பூரம் கொளுத்தினார். காற்று மூன்று முறை அணைத்தது. சோறு, பால்கறி, வறை, வாழைக்காய்ப் பொரியல், அவரைக்காய் எல்லாவற்றையும் நான் இலையில் வைத்தேன். கூப்பிட வேண்டிய நேரத்தில் இலையின் நுனியைச் சரிசெய்துகொண்டே இருந்தேன். கணவர் என்னைப் பார்த்துவிட்டு, ஆறு வயது மகள் சுபாவிடம், “நீ கூப்பிடம்மா. சாப்பிட வாங்கோ எண்டு உன்ர அம்மப்பாவைக் கூப்பிடு” என்றார்.

சுபாவுக்கு அவர் முகம் நினைவில்லை. புறப்படும்போது அவர் மடியில் ஒரு பகல் முழுக்கக் கிடந்தவள் என்று நாங்கள் சொன்னால்தான் தெரியும். அவள் கொஞ்சம் யோசித்தாள். பிறகு, பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் தங்கள் அம்மாவின் அப்பாவைக் கூப்பிடும் சொல்லால், தோப்புக்கே கேட்கும்படி கத்தினாள்.

“அப்புச்சீ… சாப்புட வாங்க! அப்புச்சீ…”

அந்தச் சொல்லை ஐயா தன் வாழ்நாளில் கேட்டதில்லை. அது தன்னைத்தான் என்று அவருக்கு எப்படித் தெரியும்? நான் பதறிப்போய், “ஐயா… ஐயா, சாப்பிட வாங்கோ” என்று சேர்ந்து கூப்பிட்டேன். எங்கள் ஊர் இருக்கும் திக்கு என்று நான் எப்போதோ மனதில் குறித்து வைத்திருந்த தென்கிழக்கைப் பார்த்தபடி நின்றேன். சுபா எனக்கு முதுகு காட்டி நின்றாள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் எல்லோரும் பஸ்ஸில்தானே வந்து இறங்குவார்கள். அவள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு, கோயமுத்தூர் பஸ் வரும் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.