இரத்துச் செய்யும் முறை எழுதிய பெண்

ஆடி ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை, காலை ஏழு நாற்பது. தென்மேற்கிலிருந்து வீசிய சோளகக் காற்றில் நயினாதீவுப் படகு ஆடியது. என் பக்கத்தில் கண்ணாடி அணிந்த பெண் ஒருவர் மடிக்கணினியில் எழுதிக்கொண்டிருந்தார். செயற்கை நுண்ணறிவு முகவருக்கு இட்ட பணியை இடையில் இரத்துச் செய்யும் கருவிக்குக் கையேடாம். ஒவ்வொரு வசனத்தையும் அருகில் இருப்பவருக்கு வாசித்துக்காட்டி, அவர் நெற்றி சுருங்கினால் அழித்துவிடுவார்.

எனக்கோ அவசரம். விருந்தாளிகளை ஏற்றிவர வான் வண்டி ஒன்று பிடிக்கும்படி கைபேசியில் அப்படியொரு முகவரிடம் சொல்லியிருந்தேன். அவர்கள் வரவில்லை என்று அப்போதுதான் செய்தி வந்தது.

"பிள்ளை, இதை எப்பிடி நிப்பாட்டுறது?"

"நான் வாசிக்கிறன், ஐயா. நீங்களே செய்யுங்கோ. விளங்கினால் என்ர எழுத்துச் சரி. 'நிறைவுறாப் பணிக்கான இரத்துக் கோரிக்கையை அனுப்புக.'"

"ஆருக்கு அனுப்புறது எண்டு இல்லையே!"

சந்தோஷமாக அழித்தார். அடுத்த இரண்டிலும் குறை கண்டேன், அவற்றையும் அழித்தார். நாலாவது, "பணியைத் தொட்டு, 'இரத்துச் செய்' என்பதை அழுத்துங்கள்." ஒரு குறையும் இல்லை. அழுத்தினேன். அதற்குள் வான் பதிவாகிப் பணமும் கட்டியாயிற்று என்றது கைபேசி.

"ஐயோ, முடிஞ்ச வேலையை நிப்பாட்ட ஏலாது எண்டதை எழுத மறந்திட்டன்! நல்லகாலம், நீங்கள் பக்கத்தில இருந்தனீங்கள்."

அவர் மீது இன்றுவரை கோபம் வரவில்லை. அந்த நாலாவது வசனம் அவ்வளவு தெளிவு. வானுக்குப் பதினான்காயிரத்து ஐந்நூறு ரூபாய்.