பதின்மூன்றாவது ஆள்

மகள் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் தங்கிப் படிக்கப் போன ஆண்டில்தான் நான் ஞாயிற்றுக்கிழமைகளை வெறுக்கத் தொடங்கினேன். அதற்கு இரண்டு வருடங்களுக்கு முன்பே கணவரும் நானும் பிரிந்துவிட்டோம். அவர் யூனியன்வில்லில் வீடு எடுத்துக்கொண்டார். வெக்ஸ்போர்ட்டில் நாங்கள் இருந்த அப்பார்ட்மென்ட் எனக்கும் மகளுக்கும் என்று ஆகி, பிறகு எனக்கு மட்டும் என்றானது. சனிக்கிழமையைச் சமாளித்துவிடலாம். உடுப்புத் தோய்க்கலாம், பிளாசாவுக்குப் போய் மரக்கறி வாங்கலாம், வரிசையில் நிற்பவர்களோடு மீன் விலையைப் பற்றிக் குறைப்படலாம். ஞாயிறன்று காலை பத்து மணிக்கே வேலை எல்லாம் முடிந்துவிடும். பிறகு படுக்கப் போகும் வரைக்கும் பேச ஒரு வாய் இராது.

மில்லிக்கனில் இருக்கும் அக்காவுக்கு ஞாயிறுதோறும் ஏதாவது ஹோலில் ஒரு விசேஷம் இருக்கும். பிறந்தநாள், பெரியபிள்ளையான பெட்டைக்குச் சாமத்தியவீடு, யாருடையவோ இருபத்தைந்தாவது கலியாண நாள். "நீயும் வாவன், வீட்டில தனிய இருந்து என்ன செய்யப்போறாய்" என்பாள். போனேன். மேசைக்குப் பத்துக் கதிரைகள். ஐந்து சோடி உட்கார்ந்தால் சரி. எனக்கென்று பதினோராவது கதிரை ஒன்றை இழுத்துப் போடுவார்கள். அது நடைபாதையில் துருத்திக்கொண்டு நிற்கும். சாப்பாட்டுத் தட்டோடு போகிறவர்கள் எல்லாரும் என் முதுகில் இடித்துவிட்டு, "சொறி அன்ரி" சொல்லிப் போவார்கள். நான்காவது அழைப்புக்குத் தலைவலி என்றேன். அக்கா நம்பவில்லை, ஆனால் வற்புறுத்தவும் இல்லை. அவள் வற்புறுத்தாதது தலைவலியைவிட மோசமாக இருந்தது.

எட்டாம் வகுப்பு வரையுள்ள ஒரு ஆரம்பப் பள்ளியில் நான் உதவியாளர். மதிய இடைவேளையில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கொன்றுவிடாமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கிய வேலை. அடுத்த மே மாதத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்று உதைத்த பந்து நேரே என் தலையை நோக்கி வந்தது. யோசிக்கவில்லை. துள்ளி, இரண்டு கையையும் உயர்த்தி, பந்தைப் பிடித்து நெஞ்சோடு இழுத்துக்கொண்டு, இரண்டு காலும் ஒன்றாகத் தரையில் பட நின்றேன். முப்பது வருடங்களுக்கு முன்பு யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட வலைப்பந்து அணியில் ஆடியவள் நான். கைகளுக்கு அது ஞாபகம் இருந்திருக்கிறது.

பக்கத்தில் நின்று பார்த்தவள், லீவில் போன ஆசிரியைக்குப் பதிலாக வந்திருந்த அயர்லாந்துப் பெண். வயது இருபத்தெட்டு இருக்கும். அவள் பேசிய ஆங்கிலத்தில் பாதி எனக்குப் பிடிபடுவதில்லை. ஆனால் இப்போது நினைத்தால் அவள் சொன்னதெல்லாம் எங்கள் தமிழிலேயே காதில் கேட்கிறது. அப்படியே எழுதிவிடுகிறேன்.

"உப்பிடிப் பிடிக்க எங்க பழகினீங்கள்?"

சொன்னேன்.

"ஞாயிற்றுக்கிழமையில நீங்கள் என்ன செய்யிறனீங்கள்?"

இந்தக் கேள்விக்கு ஒரு பொய் சொல்லியிருக்கலாம். "ஒண்டுமில்லை" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

அவள் ஒரு கேலிக் உதைபந்துக் கிளப்பின் தலைவி. அயர்லாந்துக்காரர்களின் ஊர் விளையாட்டு அது. பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் உதைக்கலாம். உயர்ந்த இரண்டு கம்பங்களுக்கு நடுவே குறுக்குச் சட்டத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி, கீழே வலைக்குள் போனால் மூன்று. நகரத்தில் பெண்களுக்கென்று நான்கே நான்கு கிளப்புகள். மற்ற மூன்றிலும் ஓரத்தில் மாற்று ஆட்கள் வரிசையாய் இருப்பார்கள். இவளுடையதில் பன்னிரண்டு பேர். சித்திரையில் பதினேழு பேர் இருந்தார்களாம். மூன்று பேருக்கு விசா முடிந்தது, ஒருத்தி வன்கூவர் போனாள், ஒருத்திக்கு முழங்கால் போனது. பதினைந்து பேர் ஆட வேண்டிய ஆட்டத்தைப் பதின்மூன்று பேரோடும் தொடங்கலாம். பன்னிரண்டு பேர் என்றால் நடுவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மற்ற அணிக்கு வெற்றியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அப்படி ஒரு தடவை நடந்துவிட்டது. இன்னொரு தடவை நடந்தால் சாம்பியன்ஷிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள்.

"எனக்கு நாற்பத்தாறு வயசு" என்றேன்.

"ஓட வேண்டாம். மூலையில நிண்டாக் காணும்."

இப்படித்தான் நான் கேலிக் உதைபந்து வீராங்கனையானேன். அக்காவிடம் தொலைபேசியில் சொன்னேன்.

"உனக்கென்ன விசரே? இந்த வயசில அரைக்காற்சட்டையோட வெள்ளைக்காரப் பெட்டையளோட ஓடப்போறியோ?"

"ஓடப்போகேல்லை அக்கா. நிக்கப்போறன்."

மகள் மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். "அம்மா, ஆர் யூ சீரியஸ்? போட்டோ அனுப்புங்கோ, ப்ளீஸ்." அனுப்பினேன். இருபத்தோராம் இலக்கப் பச்சைச் சட்டை என் முழங்கால் வரை தொங்கியது.

மைதானம் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்தது. சாதாரண உதைபந்துக் கோலின் இரு பக்கமும் பிளாஸ்டிக் குழாய்களை டேப்பால் சுற்றி உயரமாக்கி வைத்திருந்தார்கள். முதல் ஞாயிறு, ஆட்டம் தொடங்குமுன் தலைவி எங்களை வரிசையாய் நிறுத்தி விரலை நீட்டி எண்ணினாள். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. பிறகு என்னிடம் வந்து, தோளைத் தட்டி, "பதின்மூன்று" என்றாள். எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. கடைசியாக எந்த இடத்தில் நான் வந்ததால் கணக்குச் சரிவந்தது என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

நான் நன்றாக ஆடினேன் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். படுமோசம். வலைப்பந்தில் பந்தைப் பிடித்தால் அடியெடுத்து வைக்கக் கூடாது. இந்த ஆட்டத்தில் நாலு அடி ஓடலாம், பிறகு பந்தைத் தரையில் தட்டியோ காலால் தட்டிக் கைக்கு எடுத்தோ இன்னும் ஓடலாம். என் கால்களுக்கு அது ஏறவே இல்லை. பந்து கைக்கு வந்ததும் ஆணி அடித்த மாதிரி நின்றுவிடுவேன். வலைப்பந்தில் எதிராளியிடமிருந்து மூன்றடி தள்ளி நின்றுதான் மறிக்கலாம். நானும் மரியாதையாக மூன்றடி தள்ளிக் கையை விரித்து நிற்பேன். அந்தப் பெண் என்னை ஆச்சரியமாகப் பார்த்துவிட்டு, பக்கத்தால் ஓடிப் போய்ப் புள்ளி எடுப்பாள். இவை எல்லாவற்றையும்விடப் பெரிய பிழை இன்னொன்று. இதில் பந்தைக் கையால் எறியக் கூடாது. ஒரு கையில் ஏந்தி, மறு கையை மடக்கி முட்டியால் குத்தித்தான் மற்றவருக்குக் கொடுக்க வேண்டும். எறிந்தால் விசில். நான் எறிவேன். விசில் ஊதும். "சொறி, சொறி" என்பேன்.

அவர்கள் யாரும் கோபிக்கவில்லை. ஆட்டம் முடிந்ததும் தோடம்பழத் துண்டுகளும் சீனி தூவிய டோனட்டும் வெளியே வரும். நான் கட்லட் பொரித்துக்கொண்டு போவேன். அந்தப் பெட்டைகள் உறைப்பில் கண்ணைத் துடைத்துத் துடைத்துத் தின்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் போனில் குழுச்செய்தி வரும்: "ஞாயிறு யார் வாறது?" பஸ்ஸில் வரும்போது அதைப் பார்த்துவிட்டு, முதல் ஆளாக "நான்" என்று போடுவேன். பிறகு மற்றப் பெயர்கள் ஒவ்வொன்றாய் விழுவதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்திருப்பேன். பதின்மூன்று ஆகும்வரை போனைக் கீழே வைக்கமாட்டேன். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு. எனக்கு அது வாரத்தில் ஒரு நாள்.

எல்லா ஆட்டத்திலும் தோற்றோம். ஆனால் இருப்பதே நான்கு கிளப் என்பதால் கடைசியாய் வந்தவர்களுக்கும் அரையிறுதி உண்டு. எங்களுக்கு வாய்த்தது முப்பது பேர் கொண்ட பெரிய கிளப். அந்த வாரத்தில்தான் தலைவி பள்ளிக்கூடத்தில் என்னிடம் சொன்னாள், அவளுடைய விசாவும் முடிகிறதாம். இறுதிப் போட்டிக்குப் போனால் டிக்கட்டை இரண்டு வாரம் தள்ளிப் போடுவாள். இல்லாவிட்டால் வருகிற வியாழன் பயணம். இன்னும் நாலு பேர் குளிருக்கு முன் ஊர் திரும்புகிறார்கள். "வெண்டா இன்னும் ரெண்டு ஞாயிறு இருக்கு" என்றாள் சிரித்துக்கொண்டு. நான் சிரிக்கவில்லை. இரண்டு ஞாயிறு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியாது.

அன்று எங்கள் பெட்டைகள் பேய் பிடித்த மாதிரி ஆடினார்கள். பதின்மூன்று பேர் பதினைந்து பேருக்கு எதிராக. அவர்கள் களைத்தவளை வெளியே எடுத்துப் புதியவளை அனுப்பினார்கள். எங்களில் களைத்தவள் குனிந்து முழங்காலைப் பிடித்து மூச்சு வாங்கிவிட்டு மறுபடி ஓடினாள். கடைசி இரண்டு நிமிடத்தில் இரண்டு பக்கமும் சம புள்ளி. சமமாக முடிந்தால் மேலதிக நேரம் தருவார்கள். எல்லாரையும் எங்கள் கோல் வாசலைக் காக்க வரச்சொல்லித் தலைவி கத்தினாள். நானும் மூலையை விட்டு இறங்கி வந்தேன்.

பந்து உயர வந்தது. வெயிலுக்குள்ளால், மெதுவாக. கோல் வாசலில் ஏழெட்டுப் பேர் தள்ளுப்பட்டார்கள். நான் துள்ளினேன். கீழே வந்தபோது பந்து என் நெஞ்சில் இருந்தது. என் வாழ்க்கையில் அதைவிட நல்ல பிடி நான் பிடித்ததில்லை. எங்கள் பக்கம் அலறியது. இரண்டு காலையும் ஊன்றி நின்றேன். வலது பக்கத்தில் தலைவி கையை நீட்டி, தனியாக, யாரும் மறிக்காமல் நின்றாள். பந்தை நெஞ்சிலிருந்து இரண்டு கையாலும் அவளுக்குத் தள்ளினேன். நேராக, அழகாக, முப்பது வருடங்களுக்கு முன் பயிற்றுவித்த ரீச்சர் பார்த்திருந்தால் மெச்சியிருப்பா.

விசில் ஊதியது.

அந்தச் சத்தம் காதில் விழுந்த பிறகுதான் நான் செய்தது எனக்கு உறைத்தது. அவர்களுக்குத் தண்ட உதை, கோலுக்கு நேர் முன்னால். சின்னப் பிள்ளைகூட உதைத்துவிடும். சட்டத்துக்கு மேலால் பந்து போனது, அவர்களுக்கு ஒரு புள்ளி. நடுவர் கடிகாரத்தைப் பார்த்து, நீளமாக ஊதி முடித்தார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். கை இரண்டையும் வெட்டி எறியலாம் போல் இருந்தது. தலைவி ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். வியர்வையும் புல்லுமாக இருந்தாள்.

"இந்த வருசத்தின்ர திறம் பிடி அதுதான்" என்றாள்.

"நான் எறிஞ்சுபோட்டன்."

"ஓம், எறிஞ்சனீங்கள்தான்" என்று சொல்லிச் சிரித்தாள். அவளால் சிரிக்க முடிந்தது. வியாழக்கிழமை அவள் தாயிடம் போகிறாள். அவளுக்கு ஒரு ஊர் இருக்கிறது, அங்கே ஒரு கிளப் இருக்கிறது, அதில் மாற்று ஆட்களுக்கும் குறைவில்லை. அவள்மேல் எனக்கு அப்போது பொல்லாத கோபம் வந்தது. அவள் செய்த பிழை ஒன்றுமில்லை. இருந்தும் வந்தது.

சட்டைகள் தோய்க்கும் முறை அந்த வாரம் எனக்கு. பையை, என்னை ஏற்றி இறக்கும் பெட்டையின் காரில் தலைவி போட்டுவிட்டாள். "கிளப்புக்கு வாற கடிதங்கள் துலைஞ்சு போகாமல் உங்கட ஈமெயிலைக் குடுத்துவிட்டிருக்கிறன்" என்றாள். அதோடு ஆளுக்கொரு திசையாய்ப் பிரிந்தோம். குழுச்செய்தியில் ஒரு மாதம் வரை விமானநிலையப் படங்கள், யாருடையவோ தாயின் கேக் படங்கள் வந்தன. பிறகு நின்றுபோனது.

பச்சைச் சட்டைகள் பதினெட்டைத் தோய்த்துக் காயவிட்டு மடித்தேன். பைக்குள் ஐந்து பந்துகள் இருந்தன. பனி விழத் தொடங்கிய பிறகு ஒரு ஞாயிறு, ஏன் என்று தெரியாது, ஒரு பந்தை எடுத்துக்கொண்டு நான் வேலை செய்யும் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மூடிக் கிடந்தது. பின்பக்கச் சுவரின் முன் நின்று, இடக் கையில் பந்தை வைத்து, வலக் கை முட்டியால் குத்தினேன். பந்து கோணலாய்ப் போய்ப் பனிக்குள் புதைந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி குத்தினேன். அடுத்த ஞாயிறும் போனேன். கையுறைக்குள் விரல் கணுவெல்லாம் கன்றிப்போனது. அக்கா பார்த்துவிட்டு "கையில என்ன?" என்று கேட்டாள். கதவில் இடித்துவிட்டேன் என்றேன். மாசி முடிவதற்குள் பத்துக்கு எட்டுத் தடவை சுவரில் நான் குறிவைத்த செங்கல்லில் பட்டது. சுவர் திருப்பி அனுப்பியதை ஒவ்வொரு தடவையும் பிடித்தேன். சுவரோடு ஆடுவதில் ஒரு வசதி, அதற்கு விசா இல்லை.

பங்குனியில் கிளப்புகளின் சங்கத்திலிருந்து ஈமெயில் வந்தது. இந்த வருடச் சாம்பியன்ஷிப்புக்கு உங்கள் கிளப் அணி அனுப்புகிறதா, உறுதியாக வரக்கூடிய ஆட்கள் எத்தனை பேர், ஏதாவது குறிப்பு இருந்தால் எழுதவும். பழைய குழுவில் கேட்டுப் பார்த்தேன். "ஞாயிறு யார் வாறது?" என்று நானே முதல்முறை போட்டேன். தலைவி ஒரு சிவப்பு இதயம் அனுப்பினாள். இங்கே மிஞ்சியிருந்த இரண்டு பேரும் பெரிய கிளப்பில் சேர்ந்துவிட்டதாக மன்னிப்போடு எழுதினார்கள்.

மூன்று நாள் அந்தப் படிவத்தைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தேன். நாலாம் நாள் ஞாயிறு. தேத்தண்ணி ஊற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்து நிரப்பினேன். அணி அனுப்புகிறீர்களா என்ற இடத்தில் 'ஆம்'. ஆட்கள் எத்தனை என்ற இடத்தில் '1'. குறிப்பு எழுதும் பெட்டியில் 'சொறி' என்று போட்டு அழித்தேன். பிறகு எழுதினேன்: "இப்போது நான் பந்தை எறிவதில்லை."